ரிமோட்டும் என் நாற்காலியும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ரிமோட் பிடிக்கத் தெரியும். எந்தப் பக்கம் முன்பக்கம், எதைப் பார்த்து நீட்ட வேண்டும், எதுவரை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் எல்லாம் தெரியும். இதைக்கூடவா ஒருத்தி எழுதிவைப்பாள் என்று கேட்கலாம். ஒரு வருஷம் துர்கா பூஜை முடிந்த கையோடு, என் வீட்டுக் கூடத்தில் என்னை வைத்துக்கொண்டே, எனக்கு அது தெரியாது என்று முடிவு கட்டிவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். கணவருக்கு ரயில்வேயில் வேலை. தொண்ணூறுகள் முழுக்க கல்கத்தாவில், கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அவர் பாதி நாள் சாந்த்ராகாச்சி யார்டில் இருப்பார், மீதி நாள் யார்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். வீட்டில் ஃபியூஸ் போனால் கட்டையைப் பிடுங்கிக் கம்பி சுற்றிப் போடுவது நான். சித்திரைப் புயல்காற்றில் ஆன்டெனா திரும்பிக்கொண்டால் மொட்டை மாடிக்கு ஏறுவதும் நான். லோட்ஷெடிங் முடிந்து கரண்ட் வரும்போது வோல்டேஜ் எகிறும் என்று ஃப்ரிட்ஜையும் டிவியையும் முன்கூட்டியே அணைத்துவைத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகப் போடுவதும் நான்தான். அப்போதெல்லாம் என் கையை யாரும் குறை சொன்னதில்லை. குறை சொல்ல அந்நேரம் வீட்டில் ஆளும் இருந்ததில்லை.

இரண்டாயிரங்களின் நடுவில் அவர் ஓய்வு பெற்றார். நியூ டவுனில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் ஃப்ளாட் வாங்கிக் குடிவந்தோம். சுற்றிலும் பாதி எழும்பிய கட்டடங்கள், நடுவே தண்ணீர் தேங்கிய வெற்று நிலம். குவார்ட்டர்ஸில் சுவரைத் தட்டினால் அந்தப் பக்கம் தமிழ் இருந்தது. இங்கே லிஃப்ட்டில்கூட இல்லை. அவர் காலையில் நடக்கப் போனால், ஓய்வு பெற்ற வங்காளி நண்பர்களோடு அட்டா அடித்துவிட்டு, அதாவது ஊர்வம்பு உலகவம்பு எல்லாம் பேசி முடித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவார். டிஷ் போட்ட பிறகு தமிழ் சேனல்கள் வந்தன. பகலில் என் காதில் விழுந்த தமிழ் அது ஒன்றுதான்.

அவருக்கோ ஹோம் தியேட்டர் ஆசை. சுவரில் பெரிய டிவி மாட்டினார். கீழே ஒரு மர ரேக், அதில் டிஷ் பெட்டி, டிவிடி பெட்டி, சத்தத்துக்கென்று கனமான ஓர் ஆம்ப்ளிஃபயர். கூடத்தின் மூலைகளில் ஸ்பீக்கர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிமோட் என்று நான்கு ரிமோட்டுகள் சேர்ந்தன. நான்குக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு ரப்பர் பேண்ட் மாட்டி, நான்கையும் நான் ஒழுங்காகவே ஓட்டினேன். தடுமாறியது அவர்தான். படத்தை நிறுத்தப் போய் டிவியையே நிறுத்துவார். அவருடைய தடுமாற்றத்துக்காகத்தான் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ரிமோட் வந்தது. பிற்பாடு இதை எல்லோரும் வசதியாக மறந்துபோனார்கள்.

அதைப் பொருத்தித் தர ஒரு கடையிலிருந்து ஆள் வந்தார். முப்பதுகளில் இருக்கும் வங்காளி, நல்ல மனுஷர். என்னை மாஷிமா என்று அழைத்தார். நம் ஊரில் சித்தி என்று கூப்பிடுவது போல. லேப்டாப்பில் ரிமோட்டைச் செருகி அரைநாள் உட்கார்ந்து அதற்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். சின்னத் திரை வைத்த, கைக்கு அடங்காத கறுப்பு ரிமோட். திரையில் ‘டிவி பார்’ என்ற இடத்தை அழுத்தினால் டிவிக்கும் டிஷ் பெட்டிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் வரிசையாக உத்தரவு போகும். டிவியின் சொந்தக் குரலை அவர் அடைத்துவிட்டார். இனிமேல் சத்தமெல்லாம் ஆம்ப்ளிஃபயர் வழியாக மட்டும்.

ஓர் எச்சரிக்கையும் சொன்னார். பெட்டிகளில் உள்ள பொத்தான்களைக் கையால் தொடவே கூடாது. எது ஓடுகிறது, எது அணைந்திருக்கிறது என்று ரிமோட் தனக்குள் நினைவு வைத்திருக்குமாம். நாம் குறுக்கே கை வைத்தால் அது குழம்பிப்போகும். அப்படிக் குழம்பினால் அமுக்குவதற்கு ‘ஹெல்ப்’ என்று ஒரு பொத்தான் இருந்தது. டிவி வந்ததா, சத்தம் வருகிறதா என்று அது ஒவ்வொன்றாகக் கேட்கும். ஆமாம், இல்லை என்று நாம் சொன்னால் போதும், இல்லை என்றதை மறுபடி போட்டுப் பார்க்கும்.

“ஹாத் ஷோஜா ராக்பேன், மாஷிமா” என்றார் கடைசியாக. கையை நேராக வைத்திருங்கள் என்று பொருள். ரிமோட்டின் திரையில் ஒரு கோடு ஓடும், அது முடியும்வரை இறக்காதீர்கள் என்றும் சொன்னார்.

கொஞ்ச நாள் வைத்துப் பாருங்கள், குறை இருந்தால் வந்து திருத்துகிறேன், எல்லாம் திருப்தி என்று நீங்கள் வாயால் சொன்ன பிறகுதான் என் வேலை முடிந்ததாக அர்த்தம் என்று சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் என்று சொல்லும்போது அவர் பார்த்தது என் கணவரை. கணவர் பழைய நான்கு ரிமோட்டுகளையும் அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினார்.

என் நாற்காலி கூடத்தின் கடைசியில், பால்கனிக் கதவை ஒட்டி இருக்கும். கார்டன் ரீச்சிலிருந்து கூடவே வந்த பிரம்பு நாற்காலி. கீரை ஆய்வது, பூத்தொடுப்பது, தூங்கி வழிவது எல்லாம் அதில்தான். அங்கே உட்கார்ந்து, கையை நேராக வைத்து, பொத்தானை அழுத்துவேன். எல்லாம் ஒழுங்காக வரும். பூஜை வரைக்கும் ஒருநாள்கூட அது என்னை ஏமாற்றவில்லை. நானும் அதைப் பற்றி நல்லபடியாகத்தான் நினைத்திருந்தேன்.

கல்கத்தாவில் நவமியன்று ஊரே பந்தலில் இருக்கும். நாங்கள் வீட்டுக்குள் ஆயுத பூஜை போடுவோம். அந்த வேலை அவருடையது. குளித்து, வேட்டி கட்டி, சந்தனக் கிண்ணத்தோடு கிளம்பினாரென்றால் வீட்டில் ஒரு பொருள் தப்பாது. மிக்ஸி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, கார், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு. அந்த வருஷம் ஹோம் தியேட்டருக்கு முதல் ஆயுத பூஜை. அதற்கு மட்டும் தாராளமாகவே வைத்தார். அன்றைக்கு எதையும் ஓட்டக் கூடாது என்பதால் ஓட்டவில்லை. மறுநாள் விஜயதசமி. அவரே ரேக்குக்கு முன்னால் நின்று, ரிமோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அழுத்தினார். வந்தது. சுபம்.

அதற்கு அடுத்த நாள் என் முறை. அவர் வெளியே போனதும் நாற்காலியில் உட்கார்ந்து அழுத்தினேன். படம் வந்தது, சத்தம் வரவில்லை. ஒரு பெண் வாயை வாயைத் திறந்து அழுகிறாள், என்ன சொல்லி அழுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஹெல்ப் அழுத்தினேன். டிவி வந்ததா என்று கேட்டது. ஆமாம் என்றேன். சத்தம் வருகிறதா என்று கேட்டது. இல்லை என்றேன். சரி என்று மறுபடி முயன்றது. அப்போதும் இல்லை.

மதியம் அவரிடம் சொன்னேன். அவர் ரிமோட்டை வாங்கிக்கொண்டு ரேக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஒவ்வொரு பெட்டியிலும் விளக்கு எரிவதை நின்று பார்ப்பது அவருக்குப் பிடிக்கும், யார்டு புத்தி. அழுத்தினார். சத்தம் கூடத்தையே தூக்கியது.

“எனக்கு வருதே” என்றார். “நீ கைய சீக்கிரம் இறக்கிருத.”

“இறக்கலைங்க. கோடு முடியற வரைக்கும் நீட்டிக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“அப்ப ஹெல்ப்புல தப்பாப் பதில் சொல்லியிருப்ப.”

இப்படியே ஒரு வாரம். எனக்கு வராது, அவருக்கு வரும். சத்தம் வராத படத்தைப் பார்த்துக்கொண்டு நானும், வந்ததைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டு அவரும். ஒரு நாள் வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு அழுத்தியிருக்கிறேன். உண்மையிலேயே என் கை நடுங்குகிறதோ என்று அதையே உற்றுப் பார்த்தேன். நடுங்கவில்லை. ஆனாலும் அழுகை வந்துவிட்டது. அழுததைவிட, என்னையே நான் சந்தேகப்பட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கடைக்காரரை அவர் வரவழைத்தார். வந்தவர் ரேக்கின் முன் குந்தி உட்கார்ந்தார். குங்குமம் வைத்த பெட்டிகளைப் பார்த்ததும் இரண்டு விரலால் தன் நெற்றியைத் தொட்டுக்கொண்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே அழுத்தினார், வந்தது. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு அழுத்தச் சொன்னார். அதுவும் வந்தது. கணவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“அங்கேயிருந்து அழுத்தினால் வருவதில்லை” என்று என் நாற்காலியைக் காட்டி, எனக்குத் தெரிந்த வங்காளியில் சொன்னேன். தூரத்திலிருந்து நீட்டும்போது கை சோர்ந்துவிடும் மாஷிமா என்று சிரித்தார். அதோடு விட்டாரா? லேப்டாப்பைத் திறந்து ரிமோட்டில் எனக்கென்று தனியாக ஒரு பக்கம் செய்தார். அதில் பெரிதாக ஒரே ஒரு பொத்தான். மேலே ‘மாஷிமா’ என்று பெயர். குழந்தைக்குக் கிலுகிலுப்பை வாங்கிக் கொடுத்தாற்போல் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

அதன் பிறகுதான் கணவருக்கு அந்த யோசனை வந்தது. பின் அறையில் சும்மா கிடந்த பழைய டிவியை அடுக்களையில் வைத்துவிடலாமாம். தச்சரை வரச்சொல்லி, அடுப்புக்கு எதிர்ச்சுவரில் பலகையும் அடித்தாயிற்று.

“உனக்குன்னு தனியா டிவி. சமைச்சுக்கிட்டே பாக்கலாம். கூடத்துல இருக்கத நீ தொடவே வேண்டாம்” என்றார், பெரிய உபகாரம் செய்கிற குரலில்.

“எனக்கு அடுக்களையில டிவி வேண்டாம்.”

“சும்மா முரண்டு பிடிக்காத. இவ்வளவு செலவழிச்சுப் போட்டது, நீ தட்டித் தட்டிக் கெடுத்துருவ.”

ஒரு பலகைதானே என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த வீட்டில் என் இடம் கூடத்தில் பால்கனிக் கதவோரமா, அடுப்படியா என்பதுதான் அந்தப் பலகை. கட்டடத்தின் ஃபியூஸ் பெட்டி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாத மனுஷர், இத்தனை வருஷம் ஃபியூஸ் போட்டவளை அடுப்படிக்கு அனுப்பப் பார்க்கிறார். இதற்கு நான் சம்மதிக்கப் போவதில்லை என்று அன்றைக்கே உறுதி செய்துகொண்டேன்.

மறுநாள் அவர் நடக்கப் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, கீரையைத் தூக்கி ஃப்ரிட்ஜில் போட்டுவிட்டு, வேலையில் இறங்கினேன். ஃபியூஸ் தேடுகிற முறை எனக்குத் தெரியும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். ஆள் நான்தான், ரிமோட்டும் அதேதான், பொத்தானும் அதேதான். இடத்தை மட்டும் மாற்றினேன். நாற்காலியிலிருந்து அழுத்தினால் சத்தம் இல்லை. எழுந்து கொஞ்சம் முன்னால் போய் அழுத்தினேன், இல்லை. சாப்பாட்டு மேஜையைத் தாண்டினேன், இல்லை. ரேக்கை நெருங்கினேன், வந்துவிட்டது. திரும்பப் பின்னால் வந்தேன், போய்விட்டது. டிவியும் டிஷ் பெட்டியும் நான் எங்கிருந்து சொன்னாலும் கேட்டன. ஆம்ப்ளிஃபயர் மட்டும் பக்கத்தில் வந்து சொன்னால்தான் கேட்பேன் என்றது.

அப்படியானால் என் கையில் கோளாறு இல்லை. அதன் கண்ணில்தான் கோளாறு.

கீழே உட்கார்ந்து அதன் முகத்தைப் பார்த்தேன். டிவிக்குச் சட்டத்தின் மேல்விளிம்பில் பொட்டு. டிவிடி பெட்டிக்குத் தலையில் பொட்டு. ஆம்ப்ளிஃபயரின் முகப்பில் ஓரமாக, பளபளவென்று கறுப்பாக, ஒரு சின்ன வட்டக் கண்ணாடி உண்டு. ரிமோட் சொல்வதை அது வாங்கிக்கொள்வது அந்தக் கண்ணாடி வழியாகத்தான். நெற்றி மாதிரி வாகாக இருந்ததால் அங்கேயே வைத்துவிட்டார் பக்திமான். கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம், காய்ந்து ஓடு போல இறுகியிருந்தது. விளிம்பில் நூல் போல ஓர் இடைவெளி மட்டும்தான் மிச்சம். அதன் வழியாகத்தான் பக்கத்தில் நிற்பவர்கள் சொல்வது உள்ளே போயிருக்கிறது.

இத்தனை நாள் எப்படிக் கண்ணில் படவில்லை என்று கேட்டால், ஆயுத பூஜைப் பொட்டை நம் வீடுகளில் யார் பார்க்கிறார்கள்? வைத்தால் வைத்ததுதான், தானாக உதிரும்வரை துடைப்பதில்லை. என் மிக்ஸியில் போன வருஷத்துப் பொட்டு அப்போதும் இருந்தது. கடைக்காரரோ அதைக் கண்டதும் கும்பிட்டுவிட்டு மேலே போய்விட்டார். சாமி காரியத்தில் கை வைக்க அவருக்கும் மனம் வந்திருக்காது.

ஈரத்துணியை எடுத்துவிட்டேன். கண்ணாடிப் பக்கம் கொண்டுபோகும்போது கை நின்றது. இப்போது துடைத்தால் சத்தம் வரும். மதியம் அவர் வந்து பார்ப்பார். ‘பாத்தியா, இப்பத்தான் கைய ஒழுங்காப் பிடிக்கப் படிச்சிருக்க’ என்பார். அந்த ஒரு வார்த்தையை நான் கேட்கத் தயாராக இல்லை. துணியைத் திரும்பக் கொடியில் போட்டேன். பிறகு கடைக்காரருக்கு நானே ஃபோன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வந்து கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை வரை சத்தமில்லாத படத்தைக் கால்மேல் கால் போட்டுக்கொண்டு பார்த்தேன். என்னவோ அந்தச் சில நாட்கள் எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

வந்தவருக்கு டீ கொடுத்தேன். குடித்துவிட்டு வழக்கம்போல ரேக்குப் பக்கம் நடக்கப் பார்த்தார். தடுத்தேன்.

“அங்கே வேண்டாம். இங்கே உட்காருங்கள்” என்று என் நாற்காலியைக் காட்டினேன்.

உட்கார்ந்தார். அழுத்தினார். படம் வந்தது, சத்தம் இல்லை. இன்னொரு தரம் அழுத்தினார். ஹெல்ப்புக்குப் போனார். இல்லை. புருவம் சுருங்கியது.

“தள்ளுங்க, நான் போடுதேன்” என்று என் கணவர் வந்தார். அவர் எழுந்து இடம் விட, இவர் உட்கார்ந்து ரிமோட்டை நீட்டினார். சத்தம் இல்லை. கையை உயர்த்திப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார். என் பக்கம் திரும்பாமல் மறுபடி அழுத்தினார்.

“ஹாத் ஷோஜா ராக்பேன்” என்றேன்.

கடைக்காரர் இருமினார். கணவர் நிமிர்ந்து பார்த்தார். அதற்கு மேல் இழுக்க எனக்கு விருப்பமில்லை. இரண்டு பேரையும் ரேக்கின் முன்னால் கூட்டிக்கொண்டு போய், குனிந்து, விரலை நீட்டி அந்தப் பொட்டைக் காட்டினேன்.

கடைக்காரருக்கு உடனே விளங்கிவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டார். கணவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பொட்டைப் பார்த்தார், கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார், பால்கனியோரம் காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்தார்.

“சாமிக்குன்னு நல்ல எண்ணத்துல வச்சது…” என்று ஆரம்பித்தார்.

“பொட்டு நல்ல எண்ணத்துல வச்சதுதான். அடுக்களையில பலகை எந்த எண்ணத்துல அடிச்சீங்க?”

மேல்துண்டின் நுனியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து, அவரே மண்டிபோட்டு, அந்தக் கண்ணாடியைத் துடைத்தார். நான் உதவிக்குப் போகவில்லை. துடைத்து முடித்ததும் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். அழுத்தினேன். கூடத்தின் நாலு மூலையிலிருந்தும் தமிழ் வந்தது. ஏதோ சமையல் நிகழ்ச்சிதான், கடுகு தாளிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கினால் என்ன, கை நேராகத்தான் இருந்தது.

அந்த ‘மாஷிமா’ பக்கத்தை எடுக்கச் சொன்னேன், எடுத்தார். பரணிலிருந்து பழைய ரிமோட்டுகளை இறக்கச் சொன்னேன், கணவர் இறக்கினார். பலகையைக் கழற்ற வேண்டாம், அப்பளச் சம்படம் வைத்துக்கொள்கிறேன் என்றேன். இன்றைக்கும் அதில் அப்பளச் சம்படம்தான் இருக்கிறது.

கிளம்பும் முன் கடைக்காரர், வேலை முடிந்ததா, ரிமோட் எப்படி இருக்கிறது என்று கேட்டார். பழக்கம் போல என் கணவரைப் பார்த்துத்தான் கேட்டார். அவர், “அவளக் கேளுங்க” என்றார்.

நான் வங்காளியில் சொன்னேன். ரிமோட் நல்ல ரிமோட். சத்தம் வருகிறதா என்று என்னிடம் கேட்டது. இல்லை என்று சொன்னேன். சொன்ன ஒவ்வொரு தடவையும் என்னை நம்பி மறுபடி முயன்றது. இந்த வீட்டில் அப்படிச் செய்தது அது ஒன்றுதான்.

என் கணவருக்கு என்னைவிட நன்றாக வங்காளி தெரியும். ஆனாலும் அதையே தமிழிலும் ஒரு தரம் சொன்னேன்.